காலி இடத்தின் ஈரம்

“சார், புகார்ப் பெட்டிச் சாவி வேணும்.”

அந்தச் சாவியை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். அதற்குப் பிறகு இருபத்தேழு நிமிடங்களில் நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். கட்டுக்கதை வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போன நவம்பர், வெள்ளிக்கிழமை, மாலை 4.25. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வடக்கே கடலோரப் பள்ளி. பெயர் வேண்டாம். நான் அங்கே தற்காலிக ஆசிரியை. அப்பா, அம்மா உப்பளத்தில் கூலி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படித்த பள்ளிக்கூடத்தில் என்னை ‘உப்புமூட்டை’ என்பார்கள். ஒரு வாத்தியாரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

எட்டாம் வகுப்பில் ஜெனிலா. அவள் அம்மா கருவாடு காயவைத்து விற்கிறவர். “ஏளா கருவாடு, தள்ளி நில்லு, மயக்கம் வருது!” என்று அதே வகுப்பு டயானா மூக்கைப் பொத்துவாள். உடனே வகுப்பே பொத்தும். கடைசி பெஞ்சில் ஜெனிலா மட்டும். அதிலும் ஓரமாக ஒடுங்கி உட்காருவாள்.

“பெஞ்சு முழுக்கக் காலியாத்தான கெடக்கு. நல்லா உக்காரு.”

“இடம் வேணும்லா டீச்சர்.”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலி இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். துடைத்தால், அடுத்த மணி அடிப்பதற்குள் மறுபடி ஈரம். மேலே பார்த்தேன். கூரை காய்ந்துதான் கிடந்தது.

ஜெனிலா ஏதாவது புகார் எழுதிப் போட்டிருப்பாளோ என்றுதான் சாவி கேட்டேன். தலைமையாசிரியர் கிருபாநிதி அதை மேசையில் எறிந்தார். “உள்ள பல்லிதான் கெடக்கும். பாத்துட்டு வாய மூடிக்கிடணும். அடுத்த வருஷமும் வேல வேணும்லா?”

4.31. பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். மாடிப்படிக்கு அடியில், என் முகத்துக்கு நேரே பெட்டி; காகிதம் போடும் ஓட்டை தலைக்கு மேலே. துருப்பிடித்த பூட்டு. கீழ்க்கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு காகிதம். நனைந்திருந்தது... கடல் வாடை. பென்சில் எழுத்து.

‘டீச்சர், ஜெனிலா பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்காவ. நான் உக்காருதேன். ஆனா அவளுக்குக் குளிருது.’

டப்.

இன்னொன்று. என் கண்ணெதிரே பெட்டிக்குள் விழுந்தது.

திரும்பினேன். வராந்தாவில் யாரும் இல்லை.

‘அவ இப்பம் என்கிட்ட மட்டுந்தான் பேசுதா.’

டப்.

‘திங்கக்கெழம என்கூட வந்துருதேங்கா. வேண்டாம்னு சொல்லுங்க டீச்சர். இங்கன யாருமே இல்ல.’

மூன்றையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

4.40. வாட்ச்மேன் மந்திரமூர்த்தி சாவிக்கொத்தோடு வந்தார்.

“அண்ணாச்சி, இப்ப இதுல யாரு காயிதம் போட்டா?”

“எது வழியா போட? மேல உள்ள ஓட்டைய நாந்தான தகரம் வச்சு அடைச்சேன். ரெண்டு வருஷம் ஆச்சு.”

வாட்ச்மேன் ஸ்டூலில் ஏறி ஓட்டையைத் தடவினேன். தகரம். நான்கு மூலையிலும் ஆணி.

“ஏன் அடைச்சீங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “எமில்டான்னு ஒரு பிள்ள. எட்டாப்பு. அதே கடைசி பெஞ்சு. யாரும் கூடச் சேர மாட்டாவ. தெனம் ஒரு காயிதம் போடும். சார் தொறக்கவே இல்ல. அது கடலோட போன பெறவுதான் தொறந்தாவ... நாப்பத்தோரு காயிதம்.”

அறை வாசலில் கிருபாநிதி நின்றார். “சாவியையும் அந்தக் காயிதத்தையும் குடுங்க. திங்கக்கெழம பேசுவோம்.”

திங்கட்கிழமை.

“அதுவரைக்கும் பொறுக்க ஆவாது சார்.”

சாவியை மட்டும் அவர் கையில் வைத்தேன். “இனும இந்தப் பக்கம் வரக் கூடாது” என்றார். காகிதங்கள் என் பைக்குள் ஈரமாக இருந்தன.

4.52. கேட்டைத் தாண்டி, ஜெனிலா வீடு இருக்கும் கடற்கரைப் பக்கம் திரும்பினேன்.

பின்னால்...

டப்.

அதைப் படிக்க நான் நிற்கவில்லை.