சட்டைப் பையில் ஒரு ஸ்பார்க் பிளக்

பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து எரிகிற வாசனையும் பச்சைப் புல் அறுபடும் வாசனையும் சேர்ந்து சமையலறைக்குள் வந்தபோது நான் தோசையைத் திருப்பிக் கொண்டிருந்தேன். தோசையை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினேன். ஜன்னல் கம்பியில் தொங்கிக் கொண்டிருந்த மகனை இடுப்போடு அள்ளித் தூக்கினேன். நான்கு வயது அவனுக்கு. "மிஷின்மா, மிஷின்!" என்று காலை உதறினான். ஜன்னலைச் சாத்தி கொக்கி போட்டேன். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் போய், கொக்கி விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அதற்குள் தோசை கருகிவிட்டது. பிள்ளையைக் காப்பாற்ற ஓடியவள் அடுப்பை எரியவிட்டு ஓடலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தேனியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்குப் பக்கத்து மனை இரண்டு வருடமாகப் புதராகக் கிடந்தது. பாம்பு வருகிறது என்று தெருவே சொல்லிச் சொல்லி, மனைக்காரர் ஒருவழியாக ஆள் அனுப்பியிருக்கிறார். அதிகம் சொன்னதே நான்தான். இப்போது ஆள் வந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக அவரை வேவு பார்க்கிறேன். முப்பது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு. கண்ணுக்கு ஒன்றுமில்லை, காதில் மட்டும் பாட்டுக் கேட்கும் பித்தான்கள். புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இடமும் வலமும் வீசுகிறார். ஒரு கல் தெறித்தால் எங்கே வரும் என்று மனசு கோடு போட்டுப் பார்க்கிறது. கோடு நேராக எங்கள் ஜன்னலில் வந்து முடிகிறது.

நான் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கேஸ் சிலிண்டர் வந்தால் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பேன். பள்ளிக்கூட வேன் நின்றதும் டயரில் பட்டன் இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பேன். வேன் டிரைவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும், "நாலும் புது டயருதான்க்கா, தம்பிய ஏத்துங்க" என்று தானே சொல்லிவிடுகிறார். தாயானதால் வந்த பயம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு இந்த வியாதி உண்டு. அப்போது நான் சந்தேகப்பட்டது ஒரு மனிதரை.

தோட்டக்கலையில் டிப்ளமோ முடித்த கையோடு, தேவாரம் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த ஒரு ரிசார்ட்டில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் கார்டன் சூப்பர்வைசர். பண்ணைப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். இரண்டு பெரிய புல்வெளி, செம்பருத்தி வேலி, ஒரு குட்டி டிராக்டர், புல்வெட்டும் மிஷின் ஒன்று. மிஷினை ஓட்டுகிறவர் அருளப்பன் அண்ணன். ராயப்பன்பட்டிக்காரர், என் அப்பாவை விட நாலைந்து வயது இளையவர். வெட்டிய புல்லை வாரிக் குவிப்பது பவுன்தாய் அக்கா. அவர்கள் இருவருக்கும் நான் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்திருந்தது.

மிஷின் ரிஜிஸ்டர் ஒன்றை நானே கோடு போட்டு உருவாக்கினேன். ஓட்டிய நேரம், ஆயில் ஊற்றிய விவரம், துடைத்த விவரம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம்தான் எனக்கு உயிர். மானேஜர் சனிக்கிழமை தோறும் வாங்கிப் படித்து, "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்பார். எழுத்தை மட்டும்தான் பார்க்கிறார் என்று எனக்கு உள்ளூர வருத்தம். அதனால் இன்னும் கூர்மையாக எழுதினேன்.

முதலில் கண்ணில் பட்டது பிளக். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அருளப்பன் அண்ணன் மிஷினைக் கீழே சாய்த்து, என்ஜின் தலையில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊதிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கை துடைத்துக்கொண்டு தூக்குவாளியோடு போய்விடுவார். திரும்பி வந்து மாட்டுவார். ஒரு நாள் அல்ல, தினமும். பிளக் என்பது கடையில் விலைக்குப் போகிற சாமான். பழசை மாட்டிவிட்டுப் புதிதை விற்கிறாரோ? இல்லை, மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சாக்குச் சொல்லி நேரம் கடத்தவோ? கேட்கலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் போனேன். போனவள், "சாப்ட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்று குறிப்பில் எழுதினேன்: 'மிஷினின் பிளக் ஆபரேட்டரின் சட்டைப் பையில் காணப்பட்டது.'

அடுத்தது கார்டு. பிளேடுக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு அது. கல் தெறித்தால் அதுதான் வாங்கிக்கொள்ளும். மதியம் போய்ப் பார்த்தால் கார்டு கழன்று பம்ப்ரூம் சுவரில் வெயிலில் கிடக்கும். கார்டு இருந்தால் ஈரப்புல் அடைக்கும், கழற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், அதற்காகப் பலர் கழற்றுவார்கள் என்று படிக்கும்போது சொல்லியிருந்தார்கள். ஆக இவரும் அந்த ரகம்தான். எழுதினேன்: 'மதியம் கார்டு கழற்றப்பட்ட நிலையில் இருந்தது.' அடுத்த வாரம் மறுபடியும். எத்தனை முறை எழுதினேன் என்று இப்போது ஞாபகமில்லை. மிஷின் ஓடும்போது கார்டு இல்லாமல் பார்த்தேனா என்று உங்களைப் போல நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு நாள் தூரத்திலிருந்து அப்படித் தெரிந்தது. வெயிலில் கண் கூசியது. இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த வருடம் ஆயுத பூஜையை நான்தான் முன்னின்று செய்தேன். டிராக்டருக்கு மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கடப்பாரை மண்வெட்டி எல்லாம் கழுவி வரிசையாக. புல்வெட்டும் மிஷினின் பிளேடு மூன்று முனை கொண்ட இரும்புத் தகடு. கருத்துப் போய் லட்சணமில்லாமல் இருந்ததால் தகடு முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, ஒவ்வொரு முனைக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். பவுன்தாய் அக்கா பார்த்துவிட்டு, "ஏத்தா, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டுச் சந்தனம் பூச மாட்டாகளே!" என்றார். அருளப்பன் அண்ணன் பொரியை மென்றுகொண்டு சிரித்தார்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். பூஜைக்கு வைத்த பொட்டை நாமாக அழிக்கக் கூடாது. அப்பாவின் மொபெட்டில் சந்தனம் மழை வந்து கரைகிற வரைக்கும் இருக்கும். கார்த்திகை மாதத்தில்கூட முகப்பு விளக்கின் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

விஜயதசமி கழிந்த மறுநாள் அருளப்பன் அண்ணன் பிளேடைக் கழற்றினார். நடு ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துத் தொங்கவிட்டு ஸ்பேனர் காம்பால் தட்டினார். அதையும் அவர் தினமும் செய்வார். கோயில் மணி போல 'ணங்' என்று கேட்கும். அன்றைக்கு 'டப்' என்றது. மண்சட்டியைத் தட்டியது போல.

"பாப்பா, இதக் கழுவிட்டு இன்னொருக்கத் தட்டிப் பாக்கணும்" என்றார்.

"சந்தனம் ஒட்டியிருக்குல்ல, அதான் சத்தம் அடங்குது அண்ணே."

"அதத்தான் நானும் சொல்றேன். கழுவுனாத் தெரிஞ்சுரும்ல, சந்தனமா விரிசலான்னு."

அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் என் கண் அவர் கழுத்துக்குப் போனது. கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. மூன்று முனையிலும் நான் வைத்த பொட்டு. இவருக்கு எதை அழிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதவே கை கூசுகிறது.

"சாமி கும்புட்டு வச்ச பொட்டு. மூணு நாளாச்சும் இருக்கட்டும். அப்படியே மாட்டுங்க" என்றேன்.

"பொட்டு இருந்தா உங்க சாமிக்குச் சந்தோசம். விரிசல் இருந்தா?"

"அண்ணே, சாயங்காலம் கெஸ்ட் வர்றாங்க. மாட்டுங்க."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாட்டினார். கார்டின் போல்ட்டை இரண்டு தடவை இறுக்கினார். கம்பூட்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டார்.

"பவுனு, நீ இன்னிக்குப் பக்கத்துல வராத. அங்கன அந்த வேப்பமரத்துக்குப் பின்னால போயி நில்லு."

"என்னண்ணே, என்னைய நாடு கடத்துறீக?"

"போத்தா, போயி வெத்தல போடு."

அவரிடம் ஏதோ நாடகம் தெரிகிறது என்று நினைத்தபடி நான் பம்ப்ரூமுக்குப் போனேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. என்ஜின் சத்தம் வீச்சென்று ஏறி நின்றது. பவுன்தாய் அக்காவின் அலறல் கேட்டது.

பிளேடின் ஒரு முனை முறிந்து பறந்திருந்தது. கார்டில் மோதி, அதை இரண்டாகப் பிளந்து, வேகம் செத்து, கம்பூட்ஸைக் கிழித்துக் கெண்டைக்காலில் இறங்கியிருந்தது. புல்லெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், நடுவில் எதுவோ தடுத்திருக்கிறது, இல்லாவிட்டால் கால் இருந்திருக்காது என்றார். முறிந்த துண்டை நான்தான் பொறுக்கி எடுத்தேன். முறிந்த இடத்தில் பாதி பளபளப்பு, பாதி பழைய துரு. துரு இருந்த பாதி என்றைக்கோ விரிசல் விட்டது. அதன் மேல் என் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

பத்து நாள் கழித்து அவர் நொண்டிக்கொண்டு வந்தார். மானேஜர் அறையில் நாங்கள் மூவரும். மேஜை மேல் என் ரிஜிஸ்டர்.

"எப்படிய்யா ஆச்சு?"

"கல்லுல பட்டுருச்சு சார்."

"கார்டக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுனா கல்லும் படும், காலும் போகும். மேடம் தேதி போட்டு எழுதிருக்காங்க பாரு. பிளக்கு வேற பையில இருந்துச்சாம்."

அருளப்பன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்ததா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. எல்லாவற்றையும் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறவர் போல இருந்தது. அன்றைக்குக் கார்டு மாட்டியிருந்தது, நான்தான் கழுவ விடவில்லை: இந்த இரண்டு வாக்கியம்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. முதல் வேலை, அப்பா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கும் வேலை. நான் ரிஜிஸ்டரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஏன் கல் என்று சொன்னார்? இரக்கமா, சொன்னால் யார் நம்புவார்கள் என்ற கணக்கா? அதிலும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன் பாருங்கள்.

பவுன்தாய் அக்கா அதன்பின் என்னை ஆத்தா என்று கூப்பிடவில்லை, மேடம்தான். ஒரு நாள் புல்லை வாரிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"அருளப்பண்ணன் கேரளாப் பக்கம் எஸ்டேட்ல இருந்தப்ப அவுக தம்பி பிளேடுல சுத்துன கொடிய எடுத்துக்கிட்டு இருந்துருக்கான். எவனோ விளையாட்டா ஸ்டார்ட் பண்ற கயித்த இழுத்துவிட்டுட்டான். ரெண்டு விரலு போச்சு. அன்னையிலருந்து அண்ணன் மிஷின விட்டு நகந்தாகன்னா பிளக்கு பையில. கார்டக் கழுவிக் காய வைக்கிறதும் அவுக ஒருத்தர்தேன். ஏன் அண்ணே இதுன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல மேடம்?"

மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதைச் சொல்லி வேலையை விட்டேன்.

இன்றைய கதைக்கு வருகிறேன். பக்கத்து மனையில் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். மிஷின் எங்கள் கேட்டுக்கு வெளியே நிழலில் கிடந்தது. ஆள் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போய்க்கொண்டிருந்தார். மிஷினைச் சுற்றி ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். என் மகன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவனைக் கீழ்வீட்டு அக்காவிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். பிள்ளைகளை விரட்டினேன். சாமான் பை பக்கத்திலேயே கிடந்தது. ஸ்பேனரை எடுத்து, துப்பட்டாவை மடித்துப் பிடித்து, பிளக்கைக் கழற்றினேன். துணியைத் தாண்டி விரல் சுட்டது. சுடிதாரில் பை இல்லை. துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு கேட்டில் காவல் நின்றேன்.

வந்தவர் மிஷினைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு என் துப்பட்டா முடிச்சைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அது என் முகத்தில் இருந்தது.

"யக்கா, பிளக்க நீங்களா எடுத்தீக?"

"ஆமா."

"எதுக்குக்கா?"

எவ்வளவு சின்னக் கேள்வி. காதிலிருந்த பித்தானைக் கழற்றிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பிள்ளைகள் கயிற்றை இழுத்துவிடக் கூடாது என்று சொன்னேன். "அட, ஆமால்ல" என்றார். பிளக்கை வாங்கி மாட்டப் போனவரிடம், பிளேடைத் தட்டிப் பார்த்தீர்களா என்றும் கேட்டேன்.

"பிளேடு எங்கக்கா இருக்கு? இது நைலான் நரம்பு. இதத் தட்டுனா என்ன சத்தம் வரப் போகுது?" சிரித்துக்கொண்டே முனையைத் தூக்கிக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு நரம்பு தொங்கியது.

போன வருடம் தேவாரம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது அந்த ரிசார்ட் வழியாகத்தான் போனோம். புல்வெளி இரண்டையும் எடுத்துவிட்டுச் சிமெண்டுக் கல் பாவியிருக்கிறார்கள். வேப்பமரம் இல்லை. வாட்ச்மேனிடம் அருளப்பன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ராயப்பன்பட்டியில் விசாரித்தால் தெரியும் என்று வீட்டுக்காரர் சொன்னார். இருட்டிவிடும், பிள்ளை தூங்கிவிட்டான், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான்.

சமையலறையில் புதுப் பாத்திரம் எது வந்தாலும் ஒரு விரலில் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பேன். எவர்சில்வர் நன்றாகத்தான் ஒலிக்கிறது. அந்த 'ணங்' மட்டும் எதிலும் வருவதில்லை.