ஒன்பது கத்திகளுக்குப் பொட்டு

11 அக்டோபர் 2024, வெள்ளி. ஆயுத பூஜை. எழுந்ததும் பால் வாங்கி வந்தேன். ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்தேன். பிறகு, விடுமுறை நாட்களின் வழக்கப்படி, அலமாரியைத் திறந்து கத்திகளை எடுத்தேன். அலகுக்கு மனைவியின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். தேய்க்கப் பழைய பனியன் துணி.

ஆறு மடக்குக் கத்திகள், உறை போட்ட வேட்டைக் கத்திகள் மூன்று. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவே கிடைத்தவை. ஈட்டி மரப் பிடி போட்ட ஒன்றுக்காகப் பல ஞாயிறு அலைந்திருக்கிறேன். என் கைக்கு வந்த பிறகு எந்தக் கத்தியும் எதையும் வெட்டியதில்லை. புதிதாக ஒரு கீறல் விழக் கூடாது என்பது என் கொள்கை.

இந்த வருடம் இவற்றையும் பூஜையில் வைக்க ஆசைப்பட்டேன். மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். எங்கள் வீட்டு ஆயுத பூஜை அவளுடையது. மெஷின் முன்னால் கத்தரிக்கோல், அரிவாள்மணை, ஸ்கூட்டர் சாவி எல்லாம் அடுக்கிவிட்டாள். நான் கத்தித் தட்டோடு போய் நின்றேன்.

“இது எதுக்கு?”

“இதுவும் ஆயுதம்தானே.”

“ஒரு வாழப்பழம் நறுக்கியிருக்குமா? வேலைக்குப் போவாத சாமானுக்கு என்னங்க பொட்டு?”

அப்போது எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; தெருவில் எல்லோருக்கும் ‘சொல்தா’, பிரெஞ்சில் சிப்பாய். மாதா கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனால் எங்கள் வீட்டுப் பொரிகடலையை ஒரு வருடமும் விட்டதில்லை. ரொட்டியோ கொய்யாவோ, அவர் தன் மடக்குக் கத்தியால்தான் வெட்டிச் சாப்பிடுவார். அதைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். மனைவி மறுபேச்சில்லாமல் எடுத்துச் சந்தனம், குங்குமம் வைத்துக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அதுக்கு மட்டும் இடமா?” என்றேன்.

“அது ஒழைக்குது.”

பெரியவர் சிரித்தார். ஐயா என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சு ‘முசே’தான் வரும். “முசே, உங்க கத்திங்க என்னை மாதிரி. பென்ஷன்ல கீதுங்க.”

மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, வெக்கிறேன். ஆனா நாளைக்குக் காலைல எடுக்கச்சொல்ல, பொட்டு வெச்சது ஒண்ணொண்ணும் வேல செய்யணும். சம்மதமா?”

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள் எடுத்ததும் அதைக் கொண்டு கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஒன்றை மட்டும் வைத்து எட்டைக் காப்பாற்றலாமா என்று யோசித்தேன். எதை வைப்பது, எதை விடுவது? தட்டோடு இறக்கிவிட்டேன்.

“மரத்துல வெக்காத, குங்குமம் ஊறிடும். அலகுல வெய்யி.”

“சாமிக்கே கண்டிஷன் போடறாரு பாருங்கண்ணா,” என்று பெரியவரிடம் சொல்லிக்கொண்டே அலகில் வைத்தாள்.

12, சனி. குளித்ததும் முதல் வேலையாகச் சமையலறையில் உட்கார்ந்து, மடக்குக் கத்திகளால் மாற்றி மாற்றி பீன்ஸும் கேரட்டும் நறுக்கினேன். பரங்கிக்காய் வேட்டைக் கத்திகளுக்கு. தோல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, கத்தி விடவில்லை.