எண்பதாம் கதவும் தாழ்ப்பாள் இல்லாத கம்பெனியும்

வெப்சைட்டுக்குப் பூட்டு மாட்டிக் கொடுக்கும் தொழிலில், பூட்டு இல்லை என்று வெளியாள் யாராவது சொல்லிக் காட்டிய பிறகுதான் நம்மைக் கூப்பிடுவார்கள். என்னோடு இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: சர்வருக்கு இரண்டு கதவு. எண்பதாம் எண் கதவில் பேசினால் வழியில் இருக்கிறவர்கள் காதிலெல்லாம் விழும். நானூற்று நாற்பத்து மூன்றாம் எண் கதவில் பேசினால் பேசுகிற இருவருக்கு மட்டும்தான் புரியும்.

அனுபவசாலிதானா என்று கேட்பீர்கள். போன கோடையில் என் லேப்டாப் விட்ட சூட்டில் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர் ஒரு லாட் துணியையே காயவைத்துக்கொண்டார். நம்பாதவர்கள் துணியைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஒட்டிய பூட்டு

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் தனலட்சுமி அம்மிணி குழந்தைகள் உடுப்பு தைக்கும் யூனிட் நடத்துகிறார். ஐரோப்பாவிலிருந்து புதிதாக ஒரு பையர், அதாவது உடுப்பு வாங்குகிறவர், டிசைன்களை யூனிட்டின் வெப்சைட்டிலேயே ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தால் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் காட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பேன், அப்போதும் இப்படியே இருந்தால் வேறு கம்பெனியிடம் போய்விடுவேன் என்று மெயில் போட்டுவிட்டார். அந்த ஆர்டரை நம்பித்தான் அம்மிணி புதிதாக ஒரு லைன், அதாவது ஒரு வரிசைத் தையல் மிஷின், போட்டு, ஆட்களும் எடுத்திருந்தார்.

நான் போவதற்குள் மேனேஜர் மூர்த்தி கைவைத்தியம் பார்த்திருந்தார். வெப்சைட்டின் முகப்பில் ஒரு பூட்டுப் படத்தை ஒட்டியிருந்தார். லேபிள் தைத்துவிட்டால் சரக்கு அந்த லேபிள்காரருடையது என்று ஆகிவிடுகிற ஊர் இது, அந்தப் பழக்கம். அவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஒட்டியும் அப்படியேதான் காட்டுதுங்க சார். இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட்டுரலாங்களா?"

கண்ணாடிப் பை

இதில் ஆபத்து இருக்கிறது என்று அம்மிணிக்கு நம்பிக்கை வரவில்லை. நம்ம ஆபீசில் யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்றார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, என் லேப்டாப்பை அவர் வைஃபையிலேயே இணைத்தேன். அவர் தன் கம்ப்யூட்டரில் லாகின் செய்தார். பாஸ்வேர்டு கண்ணாடிப் பாலிபேக்கில் போட்ட சட்டை மாதிரி, மடிப்பு உட்பட என் திரையில் வந்து விழுந்தது. வாசித்துக் காட்டினேன்.

அம்மிணி என் திரையை எட்டிப் பார்த்தார். புது டிசைன்கள் இந்த ஊரில் எப்படி ஒரே வாரத்தில் நாலு கடையில் தொங்குகின்றன என்று அப்போது யோசித்திருப்பார். ஆனால் கேட்டது வேறு: "ஏனுங்கண்ணா, எங்க ஊட்டு நாயி பேரு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

தாழ்ப்பாள்

நானூற்று நாற்பத்து மூன்றாம் கதவுக்கு வேண்டிய சான்றிதழை வாங்கி சர்வரில் ஏற்றினேன். இனி எண்பதாம் கதவைப் பூட்டிவிடலாம் என்றதும் இருவர் முகமும் மாறியது. முன்பொரு முறை இன்னொரு பையர் அனுப்பிய ஆடிட்டர் யூனிட்டைச் சோதிக்க வந்தபோது, தீப்பிடித்தால் ஓடுவதற்கான பின்படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்து, அந்த ஆர்டரே கைவிட்டுப் போயிருந்தது. அன்றைக்கே எல்லாக் கதவுகளின் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார்கள். பாத்ரூம் தாழ்ப்பாளைத் தையல்காரப் பெண்கள் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள்.

இது அந்த மாதிரிக் கதவு இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். அம்மிணி மெதுவாகச் சொன்னார்: "எதுவா இருந்தா என்னங்கண்ணா. பூட்டுனா அந்தக் கதவுகிட்ட வந்து நிக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

இரண்டு வாட்ச்மேன்

சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். பேக்கரியில் டீ பாதி குடித்தபோது உறைத்தது. பழைய கஸ்டமர்கள் கையில் இருக்கும் விசிட்டிங் கார்டில் பழைய முகவரிதான் இருக்கிறது. அவர்கள் எண்பதாம் கதவைத்தான் தட்டுவார்கள். பூட்டிக் கிடந்தால், கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று திரும்பிப் போவார்கள். திரும்ப வந்து, அந்தக் கதவைத் திறந்தே வைத்து, வருகிறவர்களை நானூற்று நாற்பத்து மூன்றாம் கதவுக்கு அனுப்ப ஒரு ஆளை நிறுத்தினேன். ஆள் என்றால், சர்வரில் எழுதிய ஒரு வரி.

வெள்ளிக்கிழமை பையர் பார்க்கும் நேரம் நெருங்கியது. பக்கம் திறக்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. தேடினால், தளத்துக்குள்ளே எப்போதோ யாரோ எழுதி வைத்த பழைய முகவரி, நானூற்று நாற்பத்து மூன்றுக்கு வந்தவரை மறுபடி எண்பதுக்கே துரத்துகிறது. நான் அதை மாற்றிக்கொண்டிருக்க, அம்மிணி ஜன்னல் வழியே புது லைனைப் பார்த்தபடி நின்றார். மூர்த்திக்கு மட்டும் முகம் மலர்ந்தது: "நூல் லாரிய முன் கேட்காரரு பின்னால போகச் சொல்லுவாரு, பின் கேட்காரரு முன்னால போகச் சொல்லுவாரு. நம்ம கம்பெனிதாங்க சார் இது, சந்தேகமே இல்லீங்க."

மெயில்

மாற்றி முடித்த கையோடு பையர் வெப்சைட்டுக்கு வந்தார், லாகின் செய்தார், டிசைன்களை ஏற்றிவிட்டுப் போனார். துணியின் எடை பற்றியும் பட்டன் பற்றியும் நீளமாக மெயில் வந்தது. அம்மிணி அதை மேலிருந்து கீழாக வாசித்தார்; திரும்பவும் முதல் வரிக்குப் போனார். புது லைனுக்குத் துணி இறக்கச் சொல்லி மூர்த்தியை அனுப்பிவிட்டு, என்னிடம் வருத்தமாகச் சொன்னார்: "பூட்டப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதலீங்களேண்ணா."

வந்தவர் எதையும் கவனிக்காமல் நேரே உள்ளே போய்விட்டால், நம் தொழிலில் அதற்குப் பெயர்தான் மரியாதை.