ப்ரோஷர் வகுப்பில் படித்தவள்

பாபநாசத்தில் ஒரு சிறிய கல்லூரியில், சுற்றுலாப் பாடம் எடுத்த மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ப்ரோஷர் வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தேன். தாளை மூன்றாக மடிக்க வேண்டும். முகப்பில் ஆளை இழுக்கிற ஒரு படம், உள்ளே வழி, தங்குமிடம், சாப்பாடு. பெரும்பாலானவர்கள் இணையத்தில் கிடைத்த ஊட்டியையும் சுவிட்சர்லாந்தையும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். நீங்களே பார்க்காத ஊருக்கு எதற்கு மற்றவர்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண் மட்டும் தன் கிராமத்தையே எடுத்துக்கொண்டாள். அப்பா, அம்மா இருவரும் வயல்வேலைக்குப் போகிறவர்கள். நாற்றங்கால், வாய்க்கால் மதகு, மழையில் சாய்ந்த கதிர் எல்லாம் அவள் போனில் எடுத்த படங்கள். முகப்பில் 'ஒரு நாள் வந்துட்டுப் போங்க' என்று மட்டும் போட்டிருந்தாள். அதை லேப் சுவரில் ஒட்டிவைத்தேன். படிப்பு முடிந்ததும் சென்னைக்கு டிராவல்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றாள். போவாள் என்று நானும் நம்பினேன்.

அவள் போன பிறகு சேர ஆளில்லாமல் அந்தப் பாடப்பிரிவையே மூடிவிட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்தபோது ப்ரோஷரும் போயிற்று.

சில வருடங்கள் கழித்து, என் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பத்திரிகையில் போடுவதற்காக அண்ணனும் அண்ணியும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள், ஒரு காலையில் குளிக்கப் போன அண்ணன் அங்கேயே விழுந்து இறந்துபோனார்.

வீட்டில் அழுகை ஓயவில்லை. தெருமுனையில் வைக்க அஞ்சலி ஃபிளெக்ஸுக்குச் சொல்ல வேண்டுமே என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். கடைத்தெருவில் கண்ணில் பட்ட முதல் ஃபிளெக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் அந்த வலங்கைமான் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

பத்திரிகைக்காக எடுத்த படம் என் போனில் இருந்தது, அதைக் காட்டினேன். என் அண்ணன் என்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தனியா எடுத்த படம் இல்லீங்களா மேடம்? இதுல அவங்க வீட்டம்மாவும் இருக்காங்களே."

வேறு நல்ல படம் இல்லை. அவள் வெட்ட ஆரம்பித்தாள். படத்திலிருந்து அண்ணி போய்விட்டாள். ஆனால் அண்ணன் தோளில் அண்ணியின் கை இருந்தது. அந்தப் பெண் சட்டையின் துணியை நகலெடுத்து, ஒவ்வொரு விரலின் மேலும் பூசிக்கொண்டே வந்தாள். கோயில் படத்தில் குறுக்கே நிற்கும் மின்கம்பத்தை மறைப்பதற்காக நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வேலை அது. பார்க்க முடியாமல் சென்னை என்னவாயிற்று என்று கேட்டேன். போனாளாம். ப்ரோஷரெல்லாம் இப்போது போனிலேயே செய்துகொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதற்குள் அப்பாவுக்கு இடுப்பு விழுந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டாள்.

"இங்க டூர் சம்பந்தமா ஏதாவது வருதாம்மா?"

"காதுகுத்து, கட்சிக்காரங்க பொறந்தநாள் வரும் மேடம். மத்தபடி தெனம் இதுதான். காலைல வந்து உக்காந்தா யாராவது அழுதுக்கிட்டு வந்து நிப்பாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படத்துக்குக் கீழே என்ன போடலாம் என்று கேட்டாள். நீயே போடும்மா என்றேன். 'கண்ணீர் அஞ்சலி' என்று எல்லாருக்கும் போடுவதையே போட்டாள்.

காரியம் முடிந்து அண்ணியை அவள் தங்கை வீட்டுக்குக் காரில் அழைத்துப் போனோம். தெருமுனையில் கார் திரும்பும்போதுதான் அவள் ஃபிளெக்ஸைப் பார்த்தாள்.

"இந்தப் படத்துல நான் பக்கத்துல நின்னேனே," என்றாள் என்னிடம்.

முன்சீட்டில் இருந்த சித்தப்பா, அதையெல்லாம் பார்க்காதே என்றார். நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது நான் அதே கல்லூரியில் வேறொரு துறையில் தட்டச்சு வகுப்பு எடுக்கிறேன். அந்தக் கடை வழியாகப் போவதில்லை. அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று சொன்னார்கள்.