காலி மனையில் ஒரு மாதம்

ஐப்பசிக் கடைசியில் ஒரு விடியற்காலை எங்கள் பள்ளியின் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குட்டி மேசைகள் நான்கும், ஆங்கில எழுத்துப் படங்கள் ஒட்டிய சுவரில் பாதியும் வெள்ளைத் தூள் மூடிக் கிடந்தன. வீட்டின் சொந்தக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். மழை விட்டால்தான் கொத்தனார் கிடைப்பார், எப்படியும் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளி என்பது வடக்குப்பட்டில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். மேலே நானும் கணவரும் மகனும் குடியிருந்தோம். அதற்கு முன் எட்டு வருடம் ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். லைனின் கடைசியில் நின்று, வருகிற வயர்க் கட்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது என் வேலை. மகன் பிறந்த பிறகு ஷிப்ட் மாறி மாறிப் போக முடியவில்லை. தபால்வழியில் மழலையர் ஆசிரியர் டிப்ளமோ ஒன்று முடித்துவிட்டு, இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக இதைத் தொடங்கினேன். வந்தவர்கள் அநேகமாகக் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். பாதி உள்ளூர், பாதி தெற்கிலிருந்து வந்து வாடகை அறைகளில் இருப்பவர்கள்.

பழைய வேலையின் பழக்கம் என்னை விடவில்லை. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் நோட்டுகளை வரிசையாக வாங்கிப் பார்ப்பேன். கோட்டைத் தாண்டிய எழுத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுவேன். வட்டமே வாங்காத ஒரு பெண் குழந்தை இருந்தாள். நான்கு வயது நிரம்பவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் தப்பில்லாமல் எழுதுவாள். புதிதாகச் சேர்க்க வருகிறவர்களிடம் அவள் நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் ஒரு கம்பெனியில் லைன் வேலை.

பூச்சு விழுந்த அன்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வழியில்லை. அம்மாக்களும் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது. அதில் ஒரு புங்கமரம், யாரோ வீடு கட்ட இறக்கி மிச்சம் விட்ட மணல், பத்து இருபது ஹாலோ பிளாக் கல், மழைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கும் ஒரு பள்ளம். மனைக்காரரிடம் போனில் கேட்டேன். பூச்சி பொட்டு பார்த்துக்கொள்ளச் சொன்னார். எங்களிடம் ஆயாவாக இருந்த உள்ளூர் அம்மா ஒரு கம்பால் புதர்களைத் தட்டிப் பார்த்து, முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்கி எறிந்தார். அப்போதும் நான் தயங்கினேன்.

"இன்னா டீச்சரே, மண்ணுதான கீது. வுடுங்க, அதுங்க பாட்டுக்கு ஆடிக்கினு இருக்கும்" என்றார் அவர்.

முதல் மூன்று நாள் பாயை விரித்து நோட்டுகளைக் கொடுத்தேன். காற்று பக்கங்களைப் புரட்டியது. யாரும் நோட்டைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஈரத்தில் நோட்டுகள் உப்பிவிட்டதால் அவற்றை மாடியிலேயே வைத்துவிட்டேன். இதில் கொள்கை எதுவும் கிடையாது.

அதற்குப் பிறகு, மழை வந்தால் எல்லாரையும் மாடிக்கு ஏற்றுவதும் மற்ற நேரம் பார்த்துக்கொண்டிருப்பதும் தவிர எனக்கு வேலை இல்லை. டிபன் மூடியில் தண்ணீர் மொண்டு மணலில் ஊற்றினார்கள். தண்ணீர் காணாமல் போனது. எங்கே போனது என்று அரைமணி நேரம் பேசினார்கள். கம்பெனிக்குப் போயிருக்கும் என்று ஒரு குழந்தை சொன்னது, எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசையாக இழுத்துப் போட்டு கம்பெனி பஸ் கட்டினார்கள். ஒரு கல்லுக்கு மூன்று பேர் தேவைப்பட்டது. ஆயாம்மா புங்க இலைகளில் ஈர்க்குச்சியால் துளை போட்டு நூல் கோத்துக் கொடுத்தார். அவை ஐடி கார்டுகள். கழுத்தில் இலையோடு பஸ்ஸில் ஏறி ஷிப்டுக்குப் போய், மணலைக் குவித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஓவர்டைம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சிலர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

அந்தப் பெண் குழந்தை மட்டும் இறங்கவில்லை. எங்கள் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஒரு சிமெண்டுப் படி உண்டு. ஒன்பது நாள் அதன்மேல் செருப்போடு நின்றாள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கால் அழுக்காகிவிடும் என்று அழுவாள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, அவள் மண்ணில் கால் வைத்ததே இல்லை என்று அவள் அம்மா பிறகு சொன்னார். அவள் எப்படியும் அங்கேயே நிற்கிறாள் என்பதால் மற்ற பிள்ளைகள் அவளைக் கம்பெனி வாசலில் கார்டு தேய்க்கிற மெஷினாக ஆக்கிவிட்டார்கள். இலையைக் காட்டினால் "டிக்" என்பாள். இலை இல்லாதவர்களைக் கையை நீட்டி மறிப்பாள். அந்த வேலையில் அவள் கறாராக இருந்தாள்.

பத்தாம் நாள் படியை ஒட்டி ஒரு மரவட்டை போனது. யாரோ தொட்டதும் சுருண்டுகொண்டது. அவள் குந்தி உட்கார்ந்து, அது விரிவதற்காகக் காத்திருந்தாள். விரிந்து நகர்ந்ததும் பின்னாலேயே இறங்கிப் போனாள். இரண்டாவது எட்டில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. காலை உருவிக்கொண்டு நடந்தாள். நான் வேறு எதையோ பார்ப்பதுபோல நின்றேன். செருப்பு மத்தியானம் வரை அங்கேயே கிடந்தது.

அடுத்த வாரம் அவள் மரவட்டைகளை டிபன் பாக்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அம்மா அறைக்குள் வைத்து அதைத் திறந்திருக்கிறார். மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அவள் அப்பா நேராக மனைக்கு வந்தார். யூனிபார்ம் சட்டை, கண்கள் சிவந்திருந்தன, கழுத்தில் நிஜமான கார்டு. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மகள் படியில் ஏறி நின்று கையை நீட்டி மறித்தாள்.

"கார்டு?"

அவர் குனிந்து காட்டினார்.

"டிக்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். மரவட்டையைப் பற்றித்தான் பேச வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் பிள்ளைகளின் கல் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீயளா டீச்சர், வெளையாட்டுலயும் கம்பெனிக்குத்தான் போறாவ. நான் இவள கம்பெனிக்கு அனுப்பவா படிக்க வைக்கேன்?"

அந்த விளையாட்டை நான் பெருமையோடு போனில் படமெடுத்து வைத்திருந்தேன். எட்டு வருடம் லைனில் நின்ற எனக்கு அது அப்படித் தோன்றவே இல்லை. அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், மற்றவர்களோடு பேசுகிறாள் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீய. நானும் ஊர்ல மண்ணுல உருண்டு பெரண்டுதான் வளந்தேன். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா எழுத்து வரல்ல. இப்ப லைன்ல நிக்கேன்."

அதற்கு எனக்கு இன்றுவரை முழுசாக ஒரு பதில் கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மறுநாள் பிள்ளைகளிடம், இந்த பஸ் வேறு எங்காவது போகட்டுமே, கடற்கரைக்குப் போகட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். கம்பெனி பஸ் கம்பெனிக்குத்தான் போகும் டீச்சர் என்று பொறுமையாக எனக்கு விளக்கினார்கள்.

அந்த மாதக் கடைசியில் அவர் மகளை நிறுத்திவிட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆங்கிலப் பள்ளியில் எழுத வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் மேசையில் உட்கார வைத்துப் பழக்கிய எழுத்து அங்கே அவளுக்கு உதவியது. இன்னும் இரண்டு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. பள்ளியே நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

கார்த்திகை கடைசியில் கூரை வேலை முடிந்தது. சுண்ணாம்பு வாசம் போகாத அறையில் மறுபடி உட்கார வைத்து நோட்டுகளைக் கொடுத்தேன். பென்சிலை முன்பைவிட அழுத்திப் பிடித்தார்கள். சேற்றைப் பிசைந்து விரல்களுக்கு வலு வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன், நிச்சயமாகத் தெரியாது. பத்து மணிக்கெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் கதவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரும் அடம் பிடிக்கவில்லை. முன்பும் அவர்கள் இப்படிக் கதவைப் பார்த்திருப்பார்கள், நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆயாம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நான் தடுக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் பதினோரு மணி வரை வெளியே, அதன்பிறகு ஒரு மணி நேரம் எழுத்து என்று ஆனது. சிவப்பு மை வாங்குவதை நிறுத்தினேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்தும்போது, மனையில் அவரும் மகளும் இருப்பதைப் பார்த்தேன். அவள் மணலில் தோண்டிக்கொண்டிருந்தாள். அவர் மரத்தடியில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் கழித்து, கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரால் அவள் கால்களைக் கழுவித் துடைத்து, செருப்பை மாட்டிக் கூட்டிப்போனார். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். நான் இறங்கிப் போகவில்லை. மூன்றாம் ஞாயிறு அவர் அண்ணாந்து என்னைப் பார்த்துவிட்டார். வரலாமா, தொந்தரவு இல்லையே என்று கேட்டார். மனை என்னுடையது இல்லை, தாராளமாக வாருங்கள் என்றேன்.

"நான் சொன்னது சொன்னதுதான் டீச்சர். ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கெழம, லீவுல்லா" என்றார்.

சரி என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பங்குனி வரை வந்தார்கள். பிறகு அவருடைய கான்ட்ராக்ட் முடிந்து, ஓசூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டதாக ஆயாம்மா விசாரித்து வந்து சொன்னார். அதன்பிறகு தகவல் இல்லை. அந்த வருடமே மனை கைமாறிச் சுற்றுச்சுவர் எழும்பியது. நான் இரண்டு தெரு தள்ளி, பின்பக்கம் இடம் விட்ட ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அங்கே மரம் இல்லை. முருங்கைக் கொம்பு நட்டிருக்கிறோம்.

இப்போது பத்தொன்பது பிள்ளைகள். சேர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எழுத வைப்பீர்களா என்பதுதான். பதினோரு மணிக்கு மேல் வைப்பேன் என்கிறேன். அதற்கு முன்னால் என்ன செய்வார்கள் என்று கேட்டால் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். சிலர் அங்கேயே சேர்த்துவிட்டுப் போகிறார்கள். சிலர் யோசித்துச் சொல்வதாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.