மணிக்கூண்டோடு நின்ற குழாய்

நேற்றுக் காலை பால்காரர் செம்பைக் கீழே வைத்தபடியே சொன்னார்: "கயித்துக்கடை ராவுத்தர் தவறிட்டாகம்மா." நமது பஞ்சாயத்து போர்டில் கிழக்குத் தெருவுக்காக ஒலித்த ஒரே குரல் அவருடையது. அவரோடு வாதாடியவர்களும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கிணற்றுக் கயிறு விற்றுப் பிழைத்தவர், தம் தெருவுக்குக் குழாய் கேட்டார். பிரசிடெண்டாக இருந்த என் கணவர் எங்கள் கூடத்தில் வைத்து ஒருநாள் அவரைக் கேலி செய்தார்.

"குழாய் வந்துட்டா உம்ம கயித்த எவன்யா வாங்குவான்?"

"மாடு கட்ட வாங்குவாக, பிரசிடெண்டய்யா. மாடும் நல்ல தண்ணி குடிச்சாத்தானே கட்டுன எடத்துல நிக்கும்?"

கிழக்குத் தெருக் கிணறுகள் எல்லாம் உப்பு. அதனால் போர்டு வருஷந்தோறும் வரிப்பணத்தில் ஒரு பங்கைக் குழாய்க்கென ஒதுக்கி வந்தது. பிறகு சர்க்கார் மானியம் வந்தது. இரண்டும் சேர்ந்திருந்தால் குழாய் அந்தத் தெருவின் கடைசி வீடு வரை போயிருக்கும். சர்க்காரே கொடுக்கும்போது நம் பணம் எதற்கு என்று போர்டு தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தில் கடைவீதியில் மணிக்கூண்டு எழுந்தது. அதன் நெற்றியில் என் கணவர் பெயர். மானியக் குழாய் கிழக்குத் தெருவை எட்டாமல் அதன் அடியிலேயே நின்றுவிட்டது.

அந்தத் தீர்மானத்துக்கு ராவுத்தர் மட்டும் கை தூக்கவில்லை. "கொடம் நெறையட்டும்னு சர்க்கார் ஒரு சொம்பு ஊத்துச்சு. நாம ஊத்த வச்சிருந்த சொம்ப எடுத்துக்கிட்டோம். கொடம் அதே அரைக் கொடந்தான்" என்றார்.

திறப்பு விழாவில் நான் சர்பத் நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "எங்க தெருவுக்குத் தண்ணி வரட்டும்மா. அன்னைக்கு உங்க வீட்டுக்கே வந்து குடிக்கிறேன்" என்றார். என் கணவர் மறைந்தபோது துக்கம் கேட்க முதலில் வந்தவர் அவர்தான். அன்றும் எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாமலே போனார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மருமகள் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.

"உப்பாத்தான் இருக்கும்மா, கோவிச்சுக்காதீக."

கான்வென்ட் நாள் முதல் காய்ச்சி வடிகட்டாத தண்ணீரை நான் குடித்ததில்லை. அதை ஒரு சொட்டு மீதம் வைக்காமல் குடித்தேன்.

திரும்பும் வழியில் மணிக்கூண்டு சரியாக மணி அடித்தது. நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ராவுத்தரிடமிருந்து நான் கொண்டுவந்தது நாக்கில் நிற்கும் அந்த உப்புதான். அது போக வேண்டாம்.