நான் கொடுத்த ரயில்வே உத்தியோகம்

இன்று மகன் என்னைப் பழைய டியூப் சுரங்க ரயிலில் ஏற்றினான். எண்பதுகளில் டூட்டிங் பக்கம் ஓடிய அதே சிவப்பு ரயிலைக் கிறிஸ்மஸ் விடுமுறைக்காக ஓட்டுகிறார்கள்.

உள்ளே அதே மரத்தளம்.

ரயிலைச் சுற்றிக்காட்டிய வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். மகன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"இந்தப் பலகை இடுக்குக்குள்ள ஊத்தை இறுகினால் எடுக்க ஏலாதாம், அம்மா."

"ஏன் ஏலாது? உன்ர அப்பா கம்பியால கிண்டி எடுத்தவர்."

"அப்பா ரயில்வே கந்தோரில எழுத்து வேலையில எல்லோ இருந்தவர்?"

"அது ஊருக்கு எழுதின காயிதத்தில நான் குடுத்த உத்தியோகம். பிறகு உங்களுக்கும் அதையே சொன்னன். ரயில் பெட்டி கூட்டித் துடைக்கிறவர் எண்டு எழுத எனக்கு வெக்கமா இருந்தது."

மகன் ஈரச் சப்பாத்துக் கால்களைத் தளத்திலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டான்.

என் கணவர் இப்போது உயிரோடு இல்லை. தன் வேலைக்கு அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அந்தக் கடிதங்களை வாசித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தபாலில் போட்டவரும் அவர்தான்.

'கந்தோர்' என்று என் வாயால் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். என்னைத் திட்டுவதென்றால் கீழே கமெண்டில் எழுதுங்கள். அதை வாசிக்க என் ஐந்தாம் வகுப்புப் படிப்புப் போதும்.